எழுதி முடியாத கதையைச் சொல்லப் போதல்

1

இதை இரத்மலானையில், ராத்தாவின் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். பாடசாலை விடுமுறை. அடுத்த வாரம் கொழும்பில் ஒரு மண்டபத்தில் ஐந்து பேருக்கு முன்னால் ஒரு திரைக்கதையின் கருவை நான் சொல்ல வேண்டும். ஏழு நிமிடம் தருவார்கள், பிறகு கேள்விகள். திரைக்கதை எழுதி முடியவில்லை. முடிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவுமில்லை. ஒரு வரியில் கதை, ஒரு பக்கத்தில் சுருக்கம், நாலைந்து பக்கத்தில் 'ட்ரீட்மென்ட்' எனப்படும் விரிவு, இந்தக் கதையை நீங்கள் ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. இவ்வளவும் போதும். சொன்னது பிடித்துப்போனால் எழுதி முடிக்க உதவி கிடைக்கும்.

எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் நன்றாகவே சொன்னேன். கைதட்டும் கிடைத்தது. அந்தக் கைதட்டுக்குப் பிறகு கதை ஓர் அடியும் நகரவில்லை. அது ஏன் என்று யோசித்ததன் விளைவுதான் இக்கட்டுரை.

நான் சினிமா விமர்சகனல்ல. கிராமத்துப் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பிக்கிறவன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதப் பழகியதுதான் திட்டமிட்டு எழுதுவதில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. ஆயினும் எங்கள் இளம் படைப்பாளிகள் பலர் இன்று சிறுகதையிலிருந்து குறும்படத்துக்கும் திரைக்கதைக்கும் நகர்கிறார்கள். இவ்வாறான மண்டபங்களுக்கு அவர்கள் போகத்தான் போகிறார்கள். கவிதைக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதும் நாம், எழுதப்படாத பிரதியைச் சொல்லும் இந்தப் புதிய வடிவத்தைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை. அதற்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. அந்த இலக்கணம் கதையை மாற்றுகிறது. ஆகவே அது விமர்சனத்துக்குரியது.

2

முதலில் என் கதை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். மன்னார் முசலிப் பக்கம் எங்கள் ஊர். கடல்வழியாக வந்து கற்பிட்டிப் பக்கம் இறங்கினோம். எல்லோரும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பாடசாலை அதிபர் எடுத்துக்கொண்டு வந்தது வரவு இடாப்பை. தென்னந்தோட்டத்து முகாமில், கிடுகுக் கொட்டில்களுக்கு நடுவே, காலையில் எங்களை வரிசையாக இருத்திப் பெயர் கூப்பிடுவார். வேறு முகாம்களுக்குப் போன பிள்ளைகளின் பெயர்களையும் கூப்பிடுவார். பதில் வராது. 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். நீண்டகாலம் வராத பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி. அவர் நீக்கவில்லை. இதுதான் கரு.

முதல் தடவை மண்டபத்தில் இதைச் சொன்னபோது முன்னால் இருந்த ஐவரும் கவனமாகக் கேட்டார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவர் கேட்டார்: "முடிவு என்ன?"

எனக்கு முடிவு தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் ஓர் ஆசிரியனிடம் கேள்வி கேட்டால் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு இருப்பதில்லை. நின்ற நிலையில் ஒரு முடிவைச் செய்தேன். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அதிபர் இடாப்போடு ஊருக்குத் திரும்புகிறார். காடு பற்றிய பாடசாலை வளவில் முன்னாள் போராளி ஒருவன் கிணற்றை இறைத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் கட்டித் தழுவுகிறார்கள். கைதட்டினார்கள். ஒருவர் தனது தாளில் 'நல்லிணக்கம்' என்று எழுதியதை நான் நின்ற இடத்திலிருந்தே கண்டேன். மூன்று மாதத்தில் முழுப் பிரதியையும் தாருங்கள் என்றார்கள்.

மூன்று மாதமும் அந்தத் தழுவலை நோக்கி எழுத முயன்றேன். முதற்காட்சியிலிருந்தே அதிபர் எனக்கு அந்நியமாகிப்போனார். அவர் பேசுகின்ற ஒவ்வொரு வசனமும் அந்தக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்காகப் பேசப்பட்டது. முகாமில் அவர் எரிந்து விழுந்த காலைகளை வெட்டினேன். என் வாப்பா அவரோடு சண்டை பிடித்த நாளை வெட்டினேன். மிஞ்சியது ஒரு நல்ல மனிதரின் படம்; அதைப் பாடசாலைச் சுவரில் மாட்டலாம். தவணை முடிந்தபோது மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். அந்த நிறுவனத்தின் மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பொய்யான விடை சொன்னவன் நான். ஆனால் அந்தப் பொய் என் வாயில் அவ்வளவு விரைவாக வந்ததெப்படி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கேட்பவருக்கு எது பிடிக்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

3

எழுதாத கதையைச் சொல்வது புதிதல்ல என்பார்கள். உண்மைதான். ஆயினும் இந்நாட்டில் திரைக்குப் போன கதைகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் ஒன்றை அவதானிக்கலாம்.

முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரி 21 அன்று கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், படமாக்கியது தென்னிந்தியாவில். ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழு மேடையேற்றிப் பெயரெடுத்த நாடகம் அது. அதாவது முதலாளி கேட்பதற்கு முன்பே சனம் கேட்டுவிட்டது. 1976இல் வெளியான 'கோமாளிகள்' இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடர் நாடகத்திலிருந்து வந்தது. 1978இல் வந்த 'வாடைக்காற்று' செங்கை ஆழியானின் நாவல்; வாசகர்கள் ஏற்கெனவே வாசித்திருந்தார்கள். மேடை, வானொலி, புத்தகம் என்று வழிகள் வேறு. மூன்றிலும் முதலில் கேட்டவர்கள் பொதுமக்கள். பணம் பிறகுதான் வந்தது.

இந்த வரிசை எப்போதும் நல்ல படத்தைத் தந்ததென்று நான் சொல்ல வரவில்லை. காவலூர் ராஜதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ 1977இல் எடுத்த 'பொன்மணி'க்கு ரசிகர் திரளவில்லை. ஆனால் ஈழத்துத் தமிழ்ச் சினிமா பற்றிப் பேசும்போது இன்றும் நாம் அதைத்தான் முதலில் எடுக்கிறோம். 'கோமாளிகள்' பற்றி முஸ்லிம் வாசகர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. எங்கள் பேச்சு அதில் 'மரிக்கார்' என்ற பாத்திரத்தின் வாயால் திரைக்கு வந்தது. நடித்தவர் எஸ். ராமதாஸ், அந்தப் பாத்திரத்தால் அவருக்கு மரிக்கார் ராமதாஸ் என்றே பெயர் நிலைத்தது. வாப்பாவின் தலைமுறை அவரை ரசித்துச் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எங்கள் மொழி சிரிப்புக்குரிய ஒரு தொனியாகத்தான் வெளியே அறியப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சனம் முதலில் கேட்டாலும் எந்தச் சனம், என்னத்தைக் கேட்டது என்பது இருக்கிறது.

இன்று வரிசை தலைகீழாகியிருக்கிறது. முதலில் கேட்பவர் பணம் வைத்திருப்பவர். ரொட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி 1988இலிருந்து எங்களைப் போன்ற நாடுகளின் படங்களுக்கு உதவி வருகிறது. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பிரதிக்கும் உதவுகிறது. இந்தியாவில் கோவாவின் 'ஃபிலிம் பஸார்' 2007இல் தொடங்கியது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. கோடீஸ்வரனல்லாத ஒருவன் படம் எடுக்க வேறு வழி குறைவு. ஆனால் முதற் கேட்போர் மாறும்போது கதையும் மாறுகிறது என்பதை அறிந்துகொண்டு போக வேண்டும்.

4

முதற் கேட்போர் விடயத்தில் எங்களுக்குத் தெரிந்த பழைய சம்பவமொன்று இருக்கிறது. மரபாகச் சொல்லப்பட்டு வருவது. ஆகவே நுணுக்கங்களில் பேதம் இருக்கலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடும்படி உமறுப்புலவரைக் கேட்டவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் வரலாறு அரபியில் இருக்கிறது. அதைப் பெற்றுவர சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் புலவரை அனுப்பினார். புலவரின் உடையும் தோற்றமும் கண்டு அப்பா முதலில் மறுத்துவிட்டார் என்பது கதை. பின்னர் பரங்கிப்பேட்டையில் ஆலிம் ஒருவர் மூலம் உரை கிடைத்தது. காப்பியம் முடியுமுன் சீதக்காதி காலமானார். அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பேற்றார். அப்படித்தான் 5027 விருத்தங்கள் நமக்குக் கிடைத்தன.

இதைப் பக்திக் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்தோம். இம்முறை அதை ஒரு தொழிற்கதையாக யோசித்துப் பார்த்தேன். எழுதப்படாத ஒரு பிரதியோடு புலவர் இரண்டு வாசல்களில் நின்றிருக்கிறார். ஒன்று கொடுப்பவரின் வாசல். மற்றது அறிந்தவரின் வாசல். கொடுப்பவர் உடனே திறந்தார். அறிந்தவர்தான் திறக்கவில்லை. எந்த வாசல் கடினமென்று பாருங்கள். கொடுப்பவர் இறந்த பின்னும் காப்பியம் நிற்கவில்லை. ஏனென்றால் அறிந்தவரிடம் பெற்றது புலவரின் கையில் இருந்தது. வேறொரு வள்ளல் போதுமாயிற்று.

இன்னுமொன்று. நபிகளாரின் வாழ்வின் இறுதிக்காலம் சீறாவில் இல்லை. பின்னால் வந்த பனீ அகமது மரைக்காயர் 'சின்ன சீறா' பாடி அதைத் தொடர்ந்தார். தமிழ் முஸ்லிம்களின் தலையாய காப்பியமே முடிவு சொல்லாமல் நிற்கும் பிரதிதான். 'முடிவு என்ன?' என்று கேட்கப்பட்டு அன்று நான் பதறியிருக்கத் தேவையில்லை.

நான் செய்த பிழை இப்போது விளங்குகிறது. அறிந்தவரின் வாசலுக்குப் போகாமலே கொடுப்பவரின் வாசலுக்குப் போய்விட்டேன்.

5

கொடுப்பவரிடம் போகும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அடுத்த கேள்வி. இதற்கு இரண்டு உதாரணங்கள் எடுக்கிறேன்.

கோடம்பாக்கத்தில் கதை சொல்வது தனிக்கலை. பிரதிக்கு முன் 'ஒன்லைன்', பிறகு கதை விவாதம், பிறகு கதாநாயகனுக்கும் தயாரிப்பாளருக்கும் மணிக்கணக்காக வாயால் சொல்வது. தேவர் ஃபிலிம்ஸ் படங்களில் 'கதை இலாகா' என்றே பெயர் போடுவார்கள். அந்த ஊரில் பாரதிராஜா 'மயில்' என்றொரு கதையை வைத்திருந்தார். அரசின் திரைப்பட நிதி அமைப்பின் உதவியோடு கறுப்பு வெள்ளையில், சிறிய படமாக எடுப்பது எண்ணம். அந்த உதவி கைகூடவில்லை. பின்னர் எஸ்.ஏ. ராஜ்கண்ணுவின் தயாரிப்பில் 1977இல் அது '16 வயதினிலே' ஆயிற்று. பெயர் போயிற்று. கறுப்பு வெள்ளை போயிற்று. பாட்டும் நட்சத்திரங்களும் வந்தன. ஆனால் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்த கிராமமும், கோவணத்தோடு காலை இழுத்து நடக்கும் சப்பாணியும் போகவில்லை. கமல்ஹாசனை அந்தக் கோலத்தில் நிறுத்த அன்று எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதித்திருப்பான்? பாரதிராஜா விட்டவை அதிகம். விடாதது படத்தைத் தாங்கியது.

சத்யஜித் ராய் எதிர்ப்பக்கம். 'பதேர் பாஞ்சாலி'க்கு அவரிடம் வழமையான முழுப் பிரதி இருக்கவில்லை. காட்சிகளைப் படமாக வரைந்த கொப்பி ஒன்றும் குறிப்புகளும் இருந்தன. 1950இல் இலண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போதே குறிப்பெழுதத் தொடங்கிவிட்டார். கல்கத்தாத் தயாரிப்பாளர்களிடம் அந்தக் கொப்பியைக் கொண்டு திரிந்தார். ஒருவரும் அசையவில்லை. ஆனால் அதற்கு முன்னரே அவர் போன வாசலொன்று உண்டு. நாவலாசிரியர் விபூதிபூஷண் 1950இல் காலமாகியிருந்தார். அவரது மனைவியிடம் போய்ச் சம்மதம் பெற்றார். நாவலின் சிறுவர் பதிப்புக்குச் சித்திரம் வரைந்தவர் என்பதால் கதையின் ஒவ்வொரு மூலையும் ராய்க்குத் தெரியும். 1952இல் படப்பிடிப்பைத் தொடங்கி, பணமில்லாமல் நிறுத்தி நிறுத்தி எடுத்து, கடைசியில் மேற்கு வங்க அரசிடம் பணம் பெற்றார். பெயரில் 'பாதை' இருந்ததால் அரசாங்கக் கணக்கில் அது வீதி அபிவிருத்திச் செலவாகப் பதியப்பட்டது. முடிவை மகிழ்ச்சியாக மாற்றும்படி வந்த ஆலோசனையை ராய் ஏற்கவில்லை. 1955இல் படம் வந்தது.

முடிவு பற்றி ராயிடமும் கேட்டார்கள், என்னிடமும் கேட்டார்கள். ராய் மறுத்ததற்கு அவருடைய பிடிவாதம் மட்டும் காரணமல்ல. அவரது கொப்பியில் கதை ஏற்கெனவே படங்களாக இருந்தது. மாற்றச் சொன்னபோது எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று அவரால் காண முடிந்தது. என்னிடம் இருந்தது ஒரு கருத்து மட்டுமே. கருத்தை எவரும் எந்தப் பக்கமும் திருப்பலாம்.

6

கருத்துக்கும் கதைக்கும் உள்ள தூரத்தை எங்கள் சொந்த விடயத்திலேயே காட்டிய படம் பிரசன்ன விதானகேயின் 'இர மெதியம' (2003). யுத்தகாலத்து மூன்று கதைகள் அதில் அருகருகே போகின்றன. காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் பெண் ஒரு கதை. அநுராதபுரத்துக்கு வரும் படைவீரன் ஒரு கதை. மற்றது வடக்கிலிருந்து வெளியேற்றப்படும் முஸ்லிம் கிராமத்துச் சிறுவன் அரபாத்தின் கதை.

அந்த மூன்றாவது கதைக்கு ஒருவரி எழுதச் சொன்னால் நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'வடக்கு முஸ்லிம்களின் பலவந்த வெளியேற்றம்' என்று எழுதுவோம். எழுபத்தையாயிரம் பேர் அளவில் வெளியேற்றப்பட்டார்கள் என்போம். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள் என்போம். எல்லாம் உண்மை. ஆனால் அது அறிக்கையின் முதல் வரி. படத்தில் இருப்பது வேறு. ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்; அந்தப் பையனுக்குத் தன் நாயை விட்டுவிட்டுப் போக முடியாது.

முஸ்லிம் வீட்டில் நாய் என்பது லேசான விடயமல்ல என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். தொட்டால் கழுவ வேண்டும். வாசலுக்கு உள்ளே வராது. பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கிற அந்தச் சிறிய வழக்கு, ஊரே கிளம்பும் நேரத்தில் பெரிய வழக்காகிறது. வெளியேற்றியவர்களின் துப்பாக்கிக்கு முன்னால் வாய் திறக்க முடியாத பெரியவர்கள் பிள்ளையின் நாய் விடயத்தில் அதிகாரம் செலுத்தலாம். இழப்பின் வரிசையில் கடைசியில் நிற்பது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு கதை நடக்கிறது. சிங்களக் கலைஞர் ஒருவருக்கு எங்கள் வாழ்க்கையில் இந்த இடம் அகப்பட்டது. நாங்கள் நூறு கவிதை எழுதினோம்; நாய் அகப்படவில்லை. இதைப் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

ஆகவே ஒருவரி என்பதைச் சுருக்கம் என்று விளங்கிக்கொள்வது பிழை. நிகழ்வைச் சுருக்கினால் தலைப்புச் செய்தி வரும். கதைக்கு வேண்டியது அந்த நிகழ்வுக்குள் ஒருவர் விட மறுக்கும் பொருள். அந்தப் படத்தின் காலம் வெளியேற்றத்தின் நாட்கள்தான். அதன் பின் முகாம்களில் போன ஆண்டுகள் இன்னும் எவராலும் முழுமையாகச் சொல்லப்படவில்லை. என் இடாப்பு அங்கே இருக்கிறது.

7

ராத்தா 1990இல் பதினான்கு வயது. அதே முகாமில் இருந்தவர். மச்சான் இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்தில் வேலை செய்வதால் கலியாணத்துக்குப் பிறகு இங்கே குடியேறினார்கள். முதல் தடவை இதே வீட்டில் தங்கித்தான் மண்டபத்துக்குப் போனேன். ஆனால் கதையை ராத்தாவிடம் சொல்லவில்லை. அவர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அந்த முகாமில்தான் விட்டார். சினிமா பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறேன் போலும்.

இம்முறை வந்த முதலிரவு, அவர் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும்போது முழுவதையும் சொன்னேன். கிணற்றடித் தழுவலையும் மறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை.

"சேர் இடாப்பக் கொண்டு வந்தது மெய்தான்," என்றார். "ஆனா பின்பக்கத்தில அரிசிக் கணக்கு எழுதினாரே, அத ஏன் நீ சொல்லல்ல?"

எனக்கு அது நினைவில்லை. ராத்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. முகாமில் கடதாசி இல்லாத காலம். நிவாரணம் பங்கிட ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அதிபரிடம் இருந்த ஒரே கொப்பி அந்த இடாப்பு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து குடும்பப் பெயர், தலைக்கணக்கு, அரிசி, பருப்பு, சீனி என்று எழுதத் தொடங்கினார். முன்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர். பின்பக்கத்தில் அரிசி. மாதங்கள் போகப் போக இரண்டும் நடுவை நோக்கி வந்தன.

"வாப்பா சண்டை பிடிச்சது அதுக்குத்தானே," என்றார் ராத்தா. "எங்கட தலைக்கணக்கில ஒண்டு குறைச்சுப் போட்டார். ஆரோ பெரியம்மாட மகன் வேற முகாமுக்குப் போயிட்டான் எண்டு. முன்பக்கம் அவன்ட பேர வெட்ட மாட்டாராம், பின்பக்கம் மட்டும் வெட்டுவாராம் எண்டு வாப்பா கத்தினார்."

நான் பேனையை எடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக அதிபரை ஒரு நல்ல மனிதராக மட்டும் நினைத்திருந்தேன். ராத்தா சொன்ன அதிபர் அதைவிடக் கடினமான இடத்தில் நிற்கிறார். ஒரு பக்கத்தில் இல்லாத பிள்ளையை இருப்பதாக வைத்திருக்கிறார். மறுபக்கத்தில் அதே பிள்ளையை இல்லையென்று கணக்குப் பார்த்து அரிசியைக் குறைக்கிறார். இரண்டும் ஒரே கையெழுத்து. வாப்பாவின் கோபமும் நியாயம், அதிபரின் கணக்கும் நியாயம். இந்தக் காட்சிக்கு நல்லிணக்கம் என்றும் பெயரிட முடியாது. பகை என்றும் பெயரிட முடியாது.

மச்சான் ஒரு கேள்விதான் கேட்டார். இடாப்பில் பக்கம் முடிந்தபோது என்ன செய்தார்? ராத்தாவுக்குத் தெரியாது. அந்த நேரம் நாங்கள் வேறு முகாமுக்கு மாறிவிட்டோம். எங்கள் பெயர்களையும் அவர் கூப்பிட்டிருப்பார்.

ராத்தாவின் வீட்டிலிருந்து காலி வீதிக்கு நடந்தால் விமான நிலையப் பக்கம் வரும். 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். 1983 ஜூலையில் இதே விமான நிலையம் கொழும்புத் தமிழர்களின் அகதி முகாமாயிற்று. அங்கேயும் யாரோ ஒருவர் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதியிருப்பார். தலைக்கணக்குப் பார்த்துச் சோற்றுப் பொதி பங்கிட்டிருப்பார். எங்களைப் போகச் சொன்னவர்களும் அந்த முகாம்களிலிருந்து கப்பலேறி வடக்கே போனவர்களும் ஒரே மொழி பேசியவர்கள். இதை ஒரு கட்டித் தழுவலால் சொல்லிவிட முடியாது. அரிசிக் கணக்கால் ஒருவேளை சொல்லலாம்.

8

இனி அடுத்த வாரத்துக்கான ஆயத்தம். இளையவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்வார், பாடக்குறிப்பை மனனம் செய்துகொண்டு வகுப்புக்குப் போகிறவன் முதற் கேள்வியிலேயே விழுவான் என்று. பாடத்தின் நோக்கம் தெரிந்தவன் விழ மாட்டான். கதை சொல்வதற்கும் அது பொருந்தும். ஏழு நிமிடத்தையும் மனனம் செய்யவில்லை. பிரவேசத்துக்கு ஒரு நிமிடம்: தென்னந்தோட்டத்தில் பெயர் கூப்பிடும் காலை, பதில் வராத ஒரு பெயர். பிறகு ஒருவரி. அது இப்போது இப்படி இருக்கிறது: அகதி முகாமில் ஓர் அதிபர் ஒரே இடாப்பின் முன்பக்கத்தில் பிள்ளைகளின் பெயரையும் பின்பக்கத்தில் அரிசிக் கணக்கையும் எழுதுகிறார், பக்கங்கள் முடிந்துகொண்டு வருகின்றன. வெளியேற்றம் என்ற சொல் அதில் இல்லை. அது கேட்பவருக்குத் தானாக விளங்கும்.

மூன்று காட்சிகளை முழுமையாக, வசனத்தோடு எழுதிவிட்டேன்: இடாப்பைத் தலைகீழாகத் திருப்பும் காட்சி, வாப்பாவின் சண்டை, எங்கள் கொட்டில் காலியான மறுநாள் காலை. எழுதிய காட்சி கையில் இருந்தால் வாய் பொய் சொல்லத் தயங்கும். ராயின் கொப்பி எனக்குக் கற்பித்தது இது.

பிறகு இரண்டு நிரல். விடக்கூடியவை: முகாமின் பெயர், காலத்தின் நீளம், நானென்ற சிறுவன், வேண்டுமானால் தலைப்பும். விட முடியாதவை: இடாப்பின் இரண்டு பக்கங்கள், வாப்பாவின் கோபம், எங்கள் ஊர்ப்பேச்சு. பேச்சைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கீழ் எழுத்து இருக்கிறதுதானே, பொதுத்தமிழில் எழுதலாமே என்பார்கள். மரிக்கார் காலத்தில் சிரிப்புக்குப் போன பேச்சு இம்முறை அதற்காகப் போகாது என்று சொல்வேன்.

முடிவு பற்றிக் கேட்டால் இன்னும் எழுதவில்லை என்பேன். இரண்டு வழி இருக்கிறது, எது சரியென்று இடாப்பின் கடைசிப் பக்கத்துக்கு வரும்போதுதான் தெரியும் என்பேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவர் ஒருவராவது புத்தளத்தில் இருப்பார். மண்டபத்துக்குப் பிறகு, உதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போய்த் தேட வேண்டும். மண்டபத்துக்கு முன் தேடியிருக்க வேண்டும்; விடுமுறை போதவில்லை.

இன்று மாலை ராத்தா கேட்டார், "முடிவ என்னெண்டு சொல்லப் போறா?"

"தெரியாதெண்டு."

"தெரியாதெண்டு சொன்னா காசு தருவாங்களா?"

"தராமலும் விடலாம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மண்டபத்துக்குப் போகும்போது மச்சானின் வெள்ளை சேட்டைப் போட்டுக்கொண்டு போகும்படி சொன்னார். உமறுப்புலவரின் கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.